கார்புரேட்டரில் குப்பை

என் அக்கா புருஷனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவன் பேச்சை எதற்கு நம்புவது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். மண்ணெண்ணெயில் ஸ்பேர் பார்ட்ஸ் கழுவுகிற வேலையில் ஆரம்பித்தவன். இன்றைக்கு என் பெயர் போட்ட போர்டுக்குக் கீழே ஒரு கூட்டமே ஸ்பானர் பிடிக்கிறது. மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். நான் பிரித்து மாட்டிய எஞ்சின் நடுரோட்டில் நின்றது என்று ஒரே ஒரு ஆள் வந்து சொல்லட்டும், போர்டைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சும்மா வந்த பெருமை இல்லையே.

மச்சான் என்னைப் போலக் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தார். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பியபடியே ஒரு ஆயுசை ஓட்டிவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே 'மேலே கீழே'தான்.

"என்ன மச்சான், இன்னைக்கு வாழ்க்கையில எவ்வளவு உயரத்துக்குப் போனீங்க?" என்று நான் சீண்டுவேன்.

"பதினொண்ணாம் மாடி வரைக்கும் போயிட்டு வந்தேன் மாப்ள. நீ இன்னும் வண்டிக்கு அடியிலதானே படுத்திருக்க?" என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. அக்காதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தக் கட்டடத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த காலத்தில், லிஃப்ட் ஓட்டுகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கரும்பச்சை டாங்க், கறுப்பு சீட்டு. கடையிலிருந்து புதிதாக எடுத்த வண்டி. வேறொருவர் கைக்கு அது போனதே இல்லை. எதற்கு இவ்வளவு ஆசை என்று ஒரு நாள் கேட்டேன். "லிஃப்ட்ல எவன் எவனோ மேலங்கிறான், கீழங்கிறான், நான் திருப்புறேன். இது ஒண்ணுதான் மாப்ள, நான் நினைச்ச பக்கம் போற வண்டி" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் எழுந்ததும் வண்டியை ஒரு உதை உதைத்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அந்த எஞ்சினை மூன்று தடவை நான் பிரித்து மாட்டியிருக்கிறேன். பழுது வந்து இல்லை, வயசுக்கு மரியாதையாக.

பிறகுதான் அந்த நோய் வந்தது. மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது. இடது கையும் காலும் முதலில் செத்துக் கிடந்து, மெல்ல மெல்ல அரை உயிருக்கு வந்தன. அது பரவாயில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோனதுதான் எங்களைக் கலங்க வைத்தது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதான் போட்டியா?" என்று அக்காவைக் கேட்பார். அவள் தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பாள். மீதியைப் புதிதாகப் பரிமாறியது போலச் சாப்பிடுவார். முகத்தில் ஒரு பாதி மழுமழுவென்று இருக்கும், மறுபாதியில் தாடி இருக்கும். பேப்பரில் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, "இந்தப் பேப்பர்காரனுங்களுக்கு எழுதவே தெரியல" என்று கோபப்படுவார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. கண் பார்க்குது, மூளை எடுத்துக்க மாட்டேங்குது" என்றார் டாக்டர். சரி, இதற்கு எந்த ஸ்பேர் பார்ட் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். டாக்டர் என் தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், யாரும் பார்க்காத நேரத்தில் மச்சான் வண்டியை எடுத்துவிட்டார். தெருவுக்குக்கூடப் போகவில்லை. வாசல் கேட்டிலேயே இடப்பக்கத் தூணில் மோதி விழுந்தார். தூக்கி நிறுத்தும்போது, "இந்தத் தூணை எப்போடா கட்டினீங்க?" என்று கேட்டார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் முழங்கை சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அவர் மகளுக்கு அன்று பிடித்த நடுக்கம் விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்களின் எலும்பைத் தினமும் பார்க்கிறவள். சாவியைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். அவர் வலது கையால் சாவியைப் பொத்திக்கொண்டு கட்டிலில் திரும்பிப் படுத்தார். அப்பாவும் மகளும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. நோய் வருவதற்கு முன்பே மச்சானின் வண்டியைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. புதிதாக வாங்கிய அதே ஆளிடமே இன்றும் இருக்கும் வண்டிகள் மட்டும்தான் அதில் நிற்கலாம். சொந்தக்காரர் தனியாகக் கயிற்றுக்குள்ளே போய், தன் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். மூன்று உதைக்கு மேல் கிடையாது. நடுவர்கள் வரிசை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும் வண்டியை விலக்கிவிடுவார்கள்.

மகள் இதைக் கேட்டு யோசித்தாள். அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். வலப்பக்கமாகத்தான்.

"அப்பா, ஒரு ஒப்பந்தம். ஷோவுல யாரும் எதுவும் சொல்லாம நீங்களே ஸ்டார்ட் பண்ணி, கடைசி வரைக்கும் ஓடிச்சுன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ரோட்டுக்கு மட்டும் போகக்கூடாது. உங்களால முடியலன்னா என்கிட்ட குடுத்துடணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரி" என்றார்.

"மாமா, நீங்க கத்தக் கூடாது" என்றாள் என்னைப் பார்த்து.

"நான் எப்போ பாப்பா கத்தினேன்?" என்று கத்தினேன்.

பட்டறையில் வைத்துப் பழக்கினேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஏற்றி உட்கார வைத்தோம். சாவி வலப்பக்கம், கிக்கர் வலப்பக்கம், ஆக்ஸிலேட்டர் வலப்பக்கம். அந்த வண்டியைச் செய்தவனே மச்சானை மனதில் வைத்துச் செய்தது போல இருந்தது. இரண்டாவது உதையில், பல நாள் முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான். டாங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப். ஆனால் எங்கள் பட்டறையில் டேப்பை மூடுகிற வழக்கமே கிடையாது. மற்ற பட்டறைகளில் வண்டியை நிறுத்தியதும் மூடச் சொல்வார்கள், கார்புரேட்டர் ஒழுகும் என்று பயம். நான் மாட்டிய கார்புரேட்டர் ஒழுகாது. யாராவது பழக்கதோஷத்தில் மூடிவிட்டால், "என் வேலை மேல அவ்வளவு சந்தேகமாடா?" என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பேன். அதனால் அந்த டேப்பின் ஞாபகமே எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

கண்காட்சி நடந்த கூடத்தைப் பற்றி என்ன சொல்ல. தரை முழுக்கக் கம்பளம். புது வண்டிகள் சுழலும் மேடையில் ஏறி, கல்யாணப் பெண் மாதிரி விளக்கு வெளிச்சத்தில் திரும்பித் திரும்பி நின்றன. இளவட்டங்கள் வண்டியைப் பார்க்காமல், வண்டி முன்னால் நிற்கும் தங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஆயில் தரையில் இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். பழைய வண்டிகளைக் கூடத்தின் கடைசியில் வைத்திருந்தார்கள். அங்கே வந்த பிறகுதான் உடம்பு சரியாயிற்று.

நான் வண்டியை ஏற்றி வந்த வேனை நிறுத்தப் போயிருந்த நேரத்தில், அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு இளைஞன் வந்து மச்சானின் வண்டியைச் சோதித்திருக்கிறான். கூடத்துக்குள் எந்த வண்டியிலும் பெட்ரோல் திறந்திருக்கக் கூடாதாம், தீ பயம். டேப்பை மூடிவிட்டு, "கிளப்பும்போது திறந்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இடப்பக்கம் நின்று சொல்லியிருக்கிறான். மச்சானின் காதுக்கு அது எட்டியதோ இல்லையோ, தலையாட்டினாராம். அக்கா இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள். யாரோ ஒரு பையன் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனான் என்றுதான் அப்போது நினைத்தாளாம்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் தெருவிலேயே பட்டறை வைத்திருக்கும் மீசைக்காரன் அங்கே நின்றிருந்தான். எனக்கும் அவனுக்கும் தொழில் பகை. பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

"என்ன அண்ணே, உங்க வண்டி கிளம்புமா? தள்ளணும்னா சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்."

"தள்ளுறது உன் பட்டறை வழக்கம். என் எஞ்சின் நிக்கணும்னா அதுவா மனசு வச்சு நின்னாத்தான் உண்டு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு அந்த எஞ்சினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மைக்கில் மச்சானை அழைத்துவிட்டார்கள்.

அவர் இடது காலை லேசாக இழுத்தபடி கயிற்றுக்குள் போனார். அக்கா சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு உதவியாளர்கள் அவரை சீட்டில் ஏற்றிவிட்டு விலகினார்கள். மச்சான் எங்களைத் தேடினார். நாங்கள் அவருக்கு இடப்பக்கமாக நின்றிருந்தோம், அந்தப் பக்கம்தான் இடம் கிடைத்தது. அதனால் வலப்பக்கக் கூட்டத்தைப் பார்த்து, எங்களைப் பார்த்த திருப்தியோடு தலையசைத்தார். அங்கிருந்த யாரோ ஒருவர் பதிலுக்குக் கையாட்டினார்.

சாவியைத் திருப்பினார். அப்போதுதான் என் கண் டாங்க்குக்கு அடியில் போனது. டேப்பின் பிடி படுத்துக் கிடந்தது. நேராகக் கீழ்நோக்கி நிற்க வேண்டிய பிடி. படுத்திருந்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

வாயைத் திறந்துவிட்டேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "மாமா" என்றாள், அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் வண்டியை விலக்கிவிடுவார்கள், சாவியும் போய்விடும். சொல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும், அப்போதும் சாவி போய்விடும். நாள் முழுக்கக் கத்திக் கத்தியே தொழில் நடத்தியவன் நான். கத்த வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் என் தொண்டை ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

மச்சான் உதைத்தார். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் என் கையை உலுக்கினாள். "மாமா! ஸ்டார்ட் ஆயிடுச்சு மாமா! ஒரே உதை! பார்த்தீங்களா எங்க அப்பாவை?" அப்பா தோற்க வேண்டுமென்றுதான் அவள் வந்திருந்தாள், தெரியுமா? அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. "சாவியை அவரே வச்சுக்கட்டும். நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

நானும் கைதட்டினேன். வேறென்ன செய்ய? டேப் மூடியிருந்தாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் முன்பே இறங்கிய பெட்ரோல் கொஞ்சம் இருக்கும். எஞ்சின் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. அது தீர்ந்ததும் நிற்கும். நடுவர்கள் மூன்று பேர், வரிசையின் அந்தக் கோடியில் ஒரு வண்டியின் முன்னால் குனிந்து எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கடா, சீக்கிரம் வாங்கடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை குனிந்தார். அந்த மனுஷனை நான் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை ஆக்ஸிலேட்டரில். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் கேட்பாரே, அதே மாதிரி.

பெட்ரோல் தீரப் போகும்போது எஞ்சின் உடனே அடங்காது. ஒரு கணம் வேகம் எடுக்கும். அப்படித்தான் எடுத்தது. சத்தம் ஏறியதும் பெரியவர் உற்சாகத்தில் முறுக்குகிறார் என்று நினைத்துக் கூட்டம் விசில் அடித்தது. மகளும் விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நான் மட்டும் அவர் கையைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

எஞ்சின் நின்றது.

நடுவர்கள் இரண்டு வண்டி தள்ளி நின்றிருந்தார்கள். ஒருவர் இரண்டு விரலைக் காட்டினார், இன்னும் இரண்டு உதை பாக்கி என்று. மச்சான் உதைத்தார். ஒன்றுமில்லை. சாவியைத் தொட்டுப் பார்த்தார், கிக்கரைப் பார்த்தார், வலப்பக்கம் முழுக்க ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மறுபடி முழு உடம்பையும் எழுப்பி உதைத்தார். அந்த மூச்சிரைப்பு எங்களுக்குக் கேட்டது. பிறகு கைதட்டினார்கள். தோற்றவர்களுக்குத் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா, மகள், மீசைக்காரன், என் பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"என்னாச்சு மாப்ள?" என்றார் மச்சான். அவர் முகம் வேர்த்திருந்தது. "நான் என்னத்தைத் தப்பு பண்ணேன்?"

டேப் என்று சொல்லலாம். உங்களுக்கு இடப்பக்கம் இருந்தது, நீங்கள் பார்க்கவில்லை என்று சொல்லலாம். தூணைப் பார்க்காதது போல, தட்டில் பாதியைப் பார்க்காதது போல. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடப்பக்கமாகக் குனிந்து, எதையோ சோதிப்பது போல உடம்பால் மறைத்துக்கொண்டு டேப்பைத் திறந்துவிட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணல மச்சான். கார்புரேட்டர்ல குப்பை. நான்தான் சரியா க்ளீன் பண்ணல."

இந்த வாய்தான் அதைச் சொன்னது. நான் பார்த்த வேலையில் குப்பை என்று, அத்தனை பேருக்கு முன்னால். இது அச்சில் வந்தால் அக்காதான் அவருக்குப் படித்துக் காட்டுவாள். எந்த இடத்தைத் தாண்ட வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மீசைக்காரன் என் கையைப் பார்த்துவிட்டான். டேப்பைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் திரும்பி வந்துவிடும். "குப்பையேதான்" என்றான். "நானே அப்பவே நினைச்சேன். அண்ணன் கடையில இப்பல்லாம் வேலை சரியில்லன்னு தெருவே பேசுதே." சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனான். அவனுக்கு நன்றி சொல்வதா, செருப்பைக் கழற்றுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மச்சான் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். "பேச்சுன்னா பேச்சுதான்."

"வேணாம்பா. நீங்க ஒழுங்காத்தானே ஸ்டார்ட் பண்ணீங்க? வண்டி கோளாறுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சாவியை அவர் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நிழலைப் பார்த்தே எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்கிறவள் அவள். என்னை எவ்வளவு தூரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. "மாமா, வண்டி உங்க பட்டறையிலயே இருக்கட்டும். அவசரமே இல்ல. பொறுமையா பாருங்க."

சரி என்றேன்.

வண்டி இப்போது என் பட்டறையின் உள்பக்க மூலையில் நிற்கிறது. சரிசெய்து கொடுத்தால் அவர் வீட்டு வாசலில் நிற்கும். சாவி அவர் பையில் இருக்கிறது. தூண் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, தூணைத் தாண்டினால் ரோடு. சரியாகவில்லை என்றால் என் பெயர் ரிப்பேர். அதனால் என் பெயரை ரிப்பேரில் விட்டிருக்கிறேன். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். முதலாளிக்கு அடங்காத கார்புரேட்டர் ஒன்று வந்திருக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் மச்சான் அக்காவைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். வண்டியின் வலப்பக்கம் நின்று, "குப்பை போச்சா மாப்ள?" என்பார்.

"இன்னும் இல்ல மச்சான். பிடிவாதம் பிடிக்குது."

"எல்லாத்தையும் கிளப்புறான்" என்று அங்கே காத்திருப்பவர்களிடம் சொல்வார். "என் வண்டிகிட்ட மட்டும் இவன் பாச்சா பலிக்கல." காத்திருப்பவர்கள் அண்ணாந்து என் போர்டைப் பார்ப்பார்கள். நான் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், கையில் அழுக்கு இல்லாவிட்டாலும்.

ஓடாமல் வைத்தால் எஞ்சின் கெட்டுப்போகும். அதனால் யாரும் இல்லாத நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, சாவி இல்லாமலே ஒயரைச் சேர்த்துக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிடுவேன். ஒரே உதை, அப்படி ஒரு சத்தம். அதைக் கேட்க இந்த ஊரில் என் ஒருவன் காதுதான்.

போன ஞாயிறு அவர்கள் சொல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தி ஷட்டரை ஏற்றிய கையோடு பார்க்கிறேன், வாசலில் மச்சான். நேராக உள்ளே வந்து, வழக்கம்போல வலப்பக்கம் நின்று, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"வெயில்ல வச்சியா மாப்ள?" என்றார்.

அந்த மூலைக்கு வெயில் வந்ததே இல்லை.

"ஆமா மச்சான்" என்றேன்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வைக்காத. பெயின்ட் போயிடும்" என்றார். பிறகு அக்காவைத் தேடினார். அவள் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். நான்தான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.